புதுச் சட்டை வேண்டாம், பொருந்திய சட்டை போதும்

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் கழிப்பறைப் பக்கம் போய்ப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த பிள்ளைகள் கண்ணாடி முன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது மணிக்கு ஓ.எம்.ஆரிலோ ஒரகடத்திலோ நேர்காணல்.

போன மாதம் அங்கே ஒரு பையன் அட்டைப் பெட்டியிலிருந்து புதுச் சட்டையை எடுத்துக் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போட்டுப் பார்த்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் பெட்டி மடிப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. காலருக்குள் பிளாஸ்டிக் பட்டை அப்படியே இருந்தது. "இதை எடுத்துடணுமா சார்?" என்று கேட்டான். தோள் தையல் புஜத்தில் இறங்கிக் கிடந்தது. ஷூவும் புதுசு, பத்தடி நடப்பதற்குள் குதிகாலைக் கடித்துவிட்டது. "அப்பா வட்டிக்கு வாங்கி எடுத்துக் கொடுத்தாங்க சார்" என்றான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அந்தக் கடன் தேவையே இல்லை.

ஆள் எடுக்கும் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். சட்டை எந்தக் கடையில் எடுத்தது என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. அளவு சரியில்லை என்றால் கதவைத் திறந்த நொடியிலேயே தெரியும். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். காலர் பொத்தானைப் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் சட்டை பெரிது. கை மணிக்கட்டோடு முடிய வேண்டும். பேண்ட் ஷூவின் மேல் லேசாக உட்கார்ந்தால் போதும், கணுக்காலில் சுருண்டு கிடக்கக் கூடாது. நீளத்தையும் இடுப்பையும் தெருமுனை டெய்லர் ஒரே நாளில் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைச் சரிசெய்வதுதான் கஷ்டம். அதனால் எடுக்கும்போது தோளைப் பார்த்து எடுங்கள்.

வீட்டில் இருக்கும் நல்ல சட்டை ஒன்றைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுத்து வாங்கினால் அது எந்தப் புதுச் சட்டைக்கும் குறைந்ததல்ல. புதுசாகத்தான் எடுத்தீர்கள் என்றால் ஒரு தடவை துவைத்து, ஒரு நாள் முழுக்கப் போட்டு நடந்துவிடுங்கள். ஷூவை ஒரு வாரமாவது வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள். கால் வலியை அடக்கிக்கொண்டு பேசுபவரின் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். எதிரே இருப்பவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வார். பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸ் வேண்டாம், கறுப்பு போதும்.

கோட் கட்டாயமா என்று கேட்கிறார்கள். அழைப்பில் கேட்டிருந்தால் தவிர, தொடக்க நிலை வேலைகளுக்குத் தேவையில்லை. நம் ஊர் வெயிலில், இரவல் கோட்டுக்குள் வியர்த்து வழிய உட்காருவதில் என்ன மிடுக்கு இருக்கிறது? கண்ணியமான உடைக்கு நம்மிடமே அளவுகோல் உண்டு. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் அத்தகைய தடைக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் பெண்களுக்குச் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டையோடு பேண்ட் அல்லது வேட்டி என்றும்தான் இருந்தது.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சேலை பழக்கமில்லை என்றால் அன்றைக்கென்று கட்டாதீர்கள். கொசுவத்திலேயே கவனம் போய்விடும். அயர்ன் செய்த பருத்திச் சுடிதார், பின் குத்திய துப்பட்டா, ஒற்றைப் பின்னல், இதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. விபூதி, குங்குமம், ஹிஜாப் எதையும் வேலைக்காக விட வேண்டியதில்லை. சென்ட் மட்டும் வேண்டாம், ஆண்களுக்கும்தான். ஏசி போட்ட சின்ன அறையில் அது தலைவலி தரும்.

ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் முன் நிற்கும் வேலைக்கு ஆள் எடுப்பவரின் கண் முதலில் கைக்குத்தான் போகும். காப்பு, மோதிரம், தொங்கும் கயிறு எல்லாம் சுழலும் சக்கரத்தில் மாட்டி விரலைக் கொண்டுபோகக் கூடியவை. நகத்தை ஒட்ட வெட்டி, வெறுங்கையோடு போங்கள். இவனுக்குப் பட்டறை தெரியும் என்று கேள்வி கேட்பதற்கு முன்பே புரிந்துகொள்வார்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் நேர்காணல் சட்டையைப் பேருந்தில் போடாதீர்கள். உள்ளே ஒரு பனியனை வைத்து மடித்தால் மடிப்புக் கோடு விழாது. பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். முந்தின நாளே முடி வெட்டிவிடுங்கள். தாடி இருக்கலாம், ஓரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்ன உடையில் வர வேண்டும் என்று அழைப்பு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுங்கள். முகம் கழுவி உடை மாற்ற ஓர் அறையைக் காலை ஏழு மணிக்கே திறந்து வையுங்கள். இரவெல்லாம் பயணம் செய்து உங்களை நம்பி வருகிறார்கள்.