நடுவில் அமர்ந்தவரின் சம்பளம்

சமரசப் பேச்சு நடக்கும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பெர்சனல் மேனேஜர். வழக்கறிஞரைச் சமரசத்துக்கு அழைத்துவர 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த காகிதம் மேனேஜரின் பையிலே இருந்தது! மறுபக்கம் நம் சங்கச் செயலாளர். கையிலே கோரிக்கை மனு, கண்ணிலே இரவு ஷிப்டின் களைப்பு. நடுவிலே ஒருவர், அவரே சமரச அலுவலர்.

முதலாளியின் லாபம் என்ன என்று கேட்கிறோம். நம் கூலி என்ன என்று கேட்கிறோம். நடுவில் அமர்ந்தவரின் சம்பளம் என்ன என்று என்றைக்காவது கேட்டோமா?

"நம் வயிறு காயும்போது அதிகாரியின் சம்பளம் நமக்கெதற்கு?" என்று சீறுவார்கள் சில தோழர்கள். சீற்றம் நியாயமே. எனினும் கணக்கைப் பாருங்கள்.

ரயில்வே, வங்கி, சுரங்கம், பெருந்துறைமுகம் ஆகியவற்றின் தகராறுகளைத் தீர்க்க 1945-இல் மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு உருவாயிற்று. அதிலே உதவி ஆணையராகச் சேருபவருக்கு, ஏழாவது ஊதியக் குழு 2016 முதல் வகுத்த அட்டவணைப்படி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ஐ.ஏ.எஸ். அதிகாரி தொடங்குவதும் அங்கேதான். அதே அட்டவணையின் அடித்தட்டு 18,000 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல்! குறைந்த சம்பளமா? இல்லை. வீண் செலவா? அதுவும் இல்லை!

ஏன்? அவர் நீதிபதி அல்லர். "கொடு" என்று முதலாளிக்கு ஆணையிட அவரால் ஆகாது. அவர் கருவி பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பலம் இருதரப்பின் நம்பிக்கை. தனியே செய்த ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அவர் முன்னிலையில் உருவான '12(3) ஒப்பந்தமோ', நாளை வேலைக்குச் சேரும் தொழிலாளியையும் சேர்த்துக் கட்டியது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒருபடி போயிற்று. சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது என்ற தடை முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு இருந்தது; இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. நம் கடைசி ஆயுதத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் நாம் பேச உட்காருகிறோம். அந்த மேசை எந்தப் பக்கமும் சாயலாமா?

ஒருமுறை கண்ணால் கண்டேன். ஆலை வாசலில் தொழிலாளர் கூட்டம். நிர்வாகத்தின் காரிலே வந்து இறங்கினார் அதிகாரி. அவர் அலுவலகத்துக்கு வண்டி இல்லை; அந்தப் பக்கம் பேருந்தும் இல்லை. அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆனால் தொழிலாளி கண்டது கார்க் கதவைத் திறந்த காவலாளியின் சலாமைத்தான்! பேச்சு தொடங்குமுன்பே சமரசம் தோற்றது.

ஆகவே சொல்கிறேன்: சம்பளம் மட்டும் போதாது. அரசே, வண்டி கொடு, எழுத்தர் கொடு, காலியிடத்தை நிரப்பு! முதலாளியின் தயவு ஒரு துளியும் தேவைப்படாதபடி அவரை நிறுத்து!

பிறகு நாம் கணக்குக் கேட்போம். 45 நாளில், வேலைநிறுத்த அறிவிப்பு தந்திருந்தால் 14 நாளில், விசாரித்து அறிக்கை தருவது அவர் கடமை. தந்தாரா? தாமதித்தாரா?

அவர் வாங்குவது நம் வரிப்பணம், தோழர்களே! தாராளமாகக் கொடுப்போம், தயங்காமல் கேட்போம்!