குரும்பகரத்தின் பழைய பதிவேடுகள்

காரைக்காலின் வரலாறு என்றால் காரைக்கால் அம்மையாரையும் திருநள்ளாற்றையும் பிரெஞ்சுக்காரர்களையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நெடுங்காடு கொம்யூனில் (உள்ளாட்சிப் பிரிவில்) இருக்கும் குரும்பகரம் போன்ற வயற்காட்டு ஊர்களை யாரும் கேட்பதில்லை. எழுத்துச் சான்றுகளோ இந்தப் பக்கத்தில்தான் குவிந்து கிடக்கின்றன.

இதே காரைக்கால் வட்டாரத்தில் இருப்பது காசாக்குடி. 1879-இல் அங்கே கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில் கொடுத்த ஊர்த்தானத்தைச் சொல்கிறது. தானம் போன ஊர் தொண்டை நாட்டில் இருந்தது. ஆனாலும் பல்லவர் வம்சாவளியை எழுதுகிறவர் எவரும் காசாக்குடியின் பெயரைத் தொடாமல் எழுத முடியாது.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; ஆங்கிலேயரிடம் பலமுறை பறிபோய், 1817-இல் நிலையாகத் திரும்பியது. 1880-இல் பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தபோது காரைக்காலுக்குக் கிடைத்தவை மூன்று. அவற்றில் நெடுங்காடும் ஒன்று. வரப்பைத் தாண்டினால் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். வரப்புக்கு இந்தப் பக்கம் பிறப்பும் திருமணமும் இறப்பும் பிரெஞ்சு நிர்வாகத்தின் பதிவேடுகளில் ஏறின. அரசர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசும். கூலிக்காரரின் மகள் எந்த நாளில் பிறந்தாள், அவள் தாயின் பெயர் என்ன என்பதை இந்தப் பதிவேடுகள்தாம் சொல்லும். எனக்கு அதுவே பெரிய செல்வமாகத் தெரிகிறது.

1850-களிலிருந்து காரைக்கால் வட்டாரத்து ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 42,000 பேர் போனார்கள். கடல் கடந்தவர்கள் அங்கேயும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் கோயில் எழுப்பினார்கள். பிற்காலத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர்கள் வேறு.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறிய 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பழைய படைவீரரை, படைவீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லாலேயே 'சொல்தா' என்று இன்றும் இங்கே அழைக்கிறார்கள்.

கரும்புத் தோட்டத் தீவுகளுக்குக் கப்பலேறியவர்களின் நாலைந்து தலைமுறை கடந்த பேரப்பிள்ளைகள் இப்போது முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள். தோட்டத்துப் பதிவில் தாத்தாவின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறிப்போயிருக்கும். அவர்களிடம் இருப்பது பாதிக் கதை. மீதிப் பாதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்திலும், நெடுங்காடு போன்ற கொம்யூன்களின் பழைய ஏடுகளிலும், குரும்பகரத்துப் பெரியவர்களின் நினைவிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஏடுகளை நகலெடுத்து வைக்கலாம். பெரியவர்களிடம் இந்த ஆண்டே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.