உங்களுக்குத் தெரியுமா? 40,000 கோடி விண்மீன் மண்டலங்களுக்கு ஒரு வரைபடம்

2014இல் பிரிட்டனில் உருவான ‘எலீட் டேஞ்சரஸ்’ கணினி விளையாட்டில் நம் பால்வீதி முழு அளவில், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் மண்டலங்களோடு விரிகிறது. வானியலாளர் பட்டியலிட்டவை போக, மிச்சத்தை இயற்பியல் விதிகளின்படி கணினியே படைக்கிறது. யாரும் போகாத மண்டலத்தை முதலில் அளந்து, தரவை விண்வெளி நிலையத்தில் ஒப்படைப்பவரின் பெயர் அங்கே பதிவாகும். வழியில் கப்பல் வெடித்தால் அத்தனையும் போச்சு! தரவுகளைத் திரட்டி, ஆட்டக்காரர்களே பொது வரைபடமும் வளர்க்கிறார்கள். 2019இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாகப் பால்வீதியின் மறுகோடிக்குக் கிளம்பினார்கள். எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்பவர்களைத் தேடிப்போய் மீட்க, ‘ஃப்யூயல் ராட்ஸ்’ என்ற தொண்டர் படையே உண்டு. அருமையான மனிதர்கள்! இத்தனை பேர் அலைந்தும், முதல் ஐந்து ஆண்டுகளில் கண்டது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.