இளைக்கக் கொடுத்த மாத்திரையும் இதய வால்வும்

செரட்டோனின் என்றதும் மூளை, மகிழ்ச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பதோ குடலில். அதற்கான ஏற்பிகளும் மூளை, குடல், ரத்தக்குழாய், இதயம் என எங்கும் பரவிக் கிடக்கின்றன. பத்துக்கு மேற்பட்ட வகைகள். மூளைக்கென்று விழுங்கும் மாத்திரை வேறோர் உறுப்பிலுள்ள ஏற்பியைத் தூண்டிவிட்டால் வில்லங்கம்தான்.

பிரான்சில் அதுதான் நடந்தது. செர்வியே என்ற மருந்து நிறுவனத்தின் ‘மீடியாட்டோர்’ மாத்திரை 1976 முதல் விற்பனையில் இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று பெயர். பசியை அடக்கியதால் இளைக்க விரும்பியவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். உடலுக்குள் போனதும் அது நார்ஃபென்ஃப்ளூரமின் என்ற பொருளாக மாறும். அந்தப் பொருள் இதய வால்வுகளிலுள்ள 5-ஹெச்டி2பி என்ற செரட்டோனின் ஏற்பியை விடாமல் தூண்ட, செல்கள் பெருகி வால்வு தடித்துப்போகும். பிறகு சரியாக மூடாது. ரத்தம் பின்னோக்கிக் கசியும்.

உடலில் இதே பொருளாக மாறும் ஃபென்ஃப்ளூரமின், வால்வுப் பாதிப்பு தெரிந்ததும் 1997-லேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மீடியாட்டோரோ பிரான்சில் மேலும் 12 ஆண்டுகள் விற்றது. பிரெஸ்ட் நகர நுரையீரல் மருத்துவர் இரேன் ஃபிராஷோன் ஆதாரம் திரட்டிப் போராடிய பிறகே 2009-ல் நிறுத்தினார்கள். 2021-ல் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. உரிய நேரத்தில் தடுக்காத மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் அபராதம் விதித்தது. அமைப்புக்கு விதித்த இந்த அபராதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இங்கே புரோலாக்டின் ஹார்மோன் மிகுந்தவர்களுக்குத் தரப்படும் காபர்கோலினும் இதே ஏற்பியைத் தொடும். பார்கின்சன் நோய்க்காக அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் வால்வுப் பாதிப்பு காணப்பட்டிருக்கிறது. புரோலாக்டினுக்கான சிறிய அளவில் ஆபத்து மிகக் குறைவு; பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் எக்கோ எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை, அவமரியாதை அல்ல. மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

எந்த மருந்தானாலும் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே போதும், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். மருந்துக் கண்காணிப்புக்கென மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. இழப்பீடு கேட்பதானால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். மருந்துச்சீட்டையும் பில்லையும் காலி அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். பேட்ச் எண் அட்டையில்தான் இருக்கும்.