பெங்களூருவில் படம் பார்க்க எந்த தியேட்டர் பெஸ்ட்? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "நாளைக்குப் படம் போலாமா?" என்று ஒரு மெசேஜ் வருகிறது. புக்கிங் ஆப்பைத் திறந்தால் ஒரே படம், ஒரே மால். ஆனால் 250 ரூபாய்க்கும் டிக்கெட் இருக்கிறது, 700 ரூபாய்க்கும் இருக்கிறது. பக்கத்திலேயே ஐமேக்ஸ், அட்மாஸ், லேசர், ரீக்லைனர் என்று வரிசையாகப் பெயர்கள். கூடுதலாகக் கொடுக்கும் 450 ரூபாய்க்கு என்னதான் கிடைக்கிறது?

சுருக்கமான பதில்: தியேட்டரின் பெயரைவிட, படம் ஓடும் ஸ்கிரீன் எது என்பதுதான் முக்கியம். ஹெப்பாலில் உள்ள பீனிக்ஸ் மால் ஆஃப் ஏசியாவில் மட்டும் 14 ஸ்கிரீன்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஸ்கிரீன் நல்லதாக இருந்தாலும், அந்தத் தொழில்நுட்பத்தில் உங்கள் படம் தயாராகியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

டிக்கெட் விலைக்குக் கட்டுப்பாடு இல்லையா?

கொண்டுவரப் பார்த்தார்கள். மல்டிபிளெக்ஸ் உட்பட எல்லா தியேட்டர்களிலும் வரி தவிர்த்து அதிகபட்சம் 200 ரூபாய் என்று 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு விதி வகுத்தது. 75 அல்லது அதற்குக் குறைவான இருக்கைகள் உள்ள பிரீமியம் ஸ்கிரீன்களுக்கு மட்டும் விலக்கு. அதே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே, கொடுக்கும் காசுக்குப் பலன் இருக்கிறதா என்று நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டால்பி அட்மாஸ்: மேலே இருந்து சத்தம் வருமா?

பழைய 5.1, 7.1 முறையில் இடது பக்கச் சுவர், வலது பக்கச் சுவர், பின்பக்கம் என்று ஸ்பீக்கர் கூட்டத்துக்கே மொத்தமாகச் சத்தம் போகும். 2012-ல் வந்த அட்மாஸ், ஒவ்வொரு ஒலியையும் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. கூரையிலும் ஸ்பீக்கர் உண்டு. ஒரு ஹாலில் 64 தனித்தனி ஸ்பீக்கர் இணைப்புகள் வரை கொடுக்கலாம்.

ஆனால் படம் அட்மாஸில் மிக்ஸ் செய்யப்படவில்லை என்றால் கூரை ஸ்பீக்கர்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது. போஸ்டரின் கீழே அட்மாஸ் லோகோ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மால்தான் போக வேண்டும் என்றும் இல்லை. லால்பாக் ரோட்டில் உள்ள ஊர்வசி, சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர்தான். அங்கேயும் அட்மாஸ் இருக்கிறது.

ஐமேக்ஸ் என்றால் படம் பெரிதாகத் தெரியுமா?

எப்போதும் இல்லை. பெங்களூருவின் ஐமேக்ஸ் திரைகள் 1.90:1 விகிதத்தில் உள்ளவை. அதாவது வழக்கமான அகலத் திரையைவிட உயரம் கூடுதல். நம் படங்களில் பல 2.39:1 விகிதத்தில் வருகின்றன. அந்த விகிதத்திலேயே ஐமேக்ஸில் திரையிட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். கணக்குப் போட்டால், திரையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலியாகவே கிடக்கும். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்குப் பிறகு தமிழ்ப் படங்களும் ஐமேக்ஸில் வருகின்றன. அதனால் 'ஐமேக்ஸ் ரிலீஸ்' என்ற விளம்பரத்தோடு நிற்காமல், 'எக்ஸ்பாண்டட் ரேஷியோ' இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கூடுதல் காசுக்கு மதிப்பு உண்டு.

லேசர், எல்இடி: வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். பழைய ப்ரொஜெக்டர்களில் இருக்கும் செனான் விளக்கு நாளாக நாளாக மங்கும். லேசரில் வெளிச்சம் நீண்ட காலம் சீராக இருக்கும். 3டி படத்துக்கு இது ரொம்ப முக்கியம். கண்ணாடி போட்டதுமே வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். விளக்கும் மங்கலாக இருந்தால் இரவுக் காட்சியில் ஹீரோவையே தேட வேண்டியதுதான்.

எம்.ஜி. ரோட்டில் உள்ள சங்கர் நாக் தியேட்டரில் 2019-ல் சாம்சங் ஓனிக்ஸ் எல்இடி திரை வந்தது. அதில் ப்ரொஜெக்டரே கிடையாது. டிவி மாதிரி திரையே ஒளிரும். கறுப்பு நிறம் நிஜமான கறுப்பாகத் தெரியும். ஆனால் திரையில் துளைகள் இல்லாததால் அதன் பின்னால் ஸ்பீக்கர் வைக்க முடியாது. வசனத்தை வேறு பக்கத்தில் இருந்துதான் கொண்டுவர வேண்டும்.

எந்த சீட்?

பலரும் ஏமாறுவது இங்கேதான். ரீக்லைனர்கள் பெரும்பாலும் கடைசி வரிசைகளில் இருக்கும். உடம்புக்கு சுகம்தான். ஆனால் பெரிய ஹாலில் அங்கே திரை சின்னதாகத் தெரியும். முழுதாகச் சாய்ந்தால், சீட்டைப் பொறுத்து, கழுத்தை முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டிவரும்.

கடைசி வரிசையில் இருந்து பார்த்தாலும் திரை 36 டிகிரி கோணத்தில் தெரிய வேண்டும் என்பது டிஎச்எக்ஸ் பரிந்துரை. எளிதாகச் சொன்னால், திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உள்ள சீட் படம், சத்தம் இரண்டுக்கும் பாதுகாப்பான தேர்வு. ஏ வரிசை சில தியேட்டர்களில் முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால் இருக்கும். சீட் வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்.

பேச்சுதான் பிரதானம் என்றால், பிரிகேட் ரோட்டில் பழைய ரெக்ஸ் இருந்த இடத்தில் உள்ள டைரக்டர்ஸ் கட் போன்ற சின்ன ஹால்கள் நிம்மதி. ரஜினி படத்துக்கு முதல் நாள் விசில் சத்தம் வேண்டும் என்றால், எந்த ரீக்லைனரும் சிங்கிள் ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

படம் எத்தனை மணிக்குத் தொடங்கும்?

பெங்களூருவில் ஒரு பார்வையாளர், 25 நிமிடம் விளம்பரம் ஓட்டியதாக மல்டிபிளெக்ஸ் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். படம் தொடங்கும் உண்மையான நேரத்தை டிக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ஆணையம் உத்தரவிட்டது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆகவே இரவுக் காட்சிக்குப் போனால் கடைசி மெட்ரோவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி. ரோடு லிடோ மாலுக்கு டிரினிட்டி ஸ்டேஷனும், மந்திரி மாலுக்குச் சம்பிகே ரோடு ஸ்டேஷனும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேப் காசு மிச்சமானால் நல்ல ஸ்கிரீனுக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, புக் பண்ணும் முன்

* படம் எந்த ஒலியில், எந்த விகிதத்தில் தயாரானது?
* உங்கள் காட்சி ஓடும் ஸ்கிரீனில் அந்த வசதி இருக்கிறதா? தமிழ்க் காட்சிக்குச் சின்ன ஸ்கிரீன் ஒதுக்கியிருக்கிறார்களா?
* நடு சீட் காலியா?
* ஜிஎஸ்டி, கன்வீனியன்ஸ் ஃபீ சேர்த்து மொத்தம் எவ்வளவு?

முதல் இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்றுதான் பதில் என்றால், 250 ரூபாய் டிக்கெட்டே போதும். மிச்சக் காசுக்கு இன்னொரு படம் பார்க்கலாம்.