வாகனக் காப்புறுதி: கூடிய கட்டணமும் கைவைக்கக்கூடாத இடங்களும்

கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு வரும் வீதியில் மாடு குறுக்கே வருவது புதினமல்ல. கடந்த ஆண்டு நுரைச்சோலைக்குக் கிட்ட என் காரின் முன்பக்கத்தில் ஒரு மாடு மோதியது. மாட்டுக்கு ஒன்றுமில்லை, அது எழுந்து போய்விட்டது. எனக்கு பம்பரும் ஒரு விளக்கும் போயின. காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்தேன். ஆள் வந்து படம் எடுத்தார். அந்த இடத்திலேயே 38,000 ரூபா கிடைத்தது. நல்ல சேவை என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இந்த ஆண்டு புதுப்பிக்கும் கடிதம் வந்தது. போனமுறை 67,000 ரூபா கட்டிய அதே காருக்கு இம்முறை 97,000. முகவருக்கு அழைத்துக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் பதறவில்லை. "நீங்க கிளெய்ம் எடுத்தீங்கதானே தம்பி" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். பத்து வருடமாக மற்றவர்களின் பிரச்சினைகளை எழுதுகிறவன், என் வீட்டுக் காப்புறுதிக் கடிதத்தில் கடைசித் தொகையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் புத்தளம், தில்லையடி, ஆலங்குடா, முந்தல் பக்கம் வாகனம் வைத்திருக்கும் பலரிடம் இதைப் பற்றிப் பேசினேன். கதை எல்லோரிடமும் இருந்தது. ஒருவர் முழுக் காப்புறுதியை விட்டு தேர்ட் பார்ட்டிக்கு மாறிவிட்டார். இன்னொருவர் வாகனத்தின் பெறுமதியைப் பாதியாகக் காட்டியிருக்கிறார். கற்பிட்டியில் வேன் ஓடும் ஒருவர், உல்லாசப் பயணிகளை ஏற்றும் வேனை 'தனிப்பட்ட பாவனை' என்றே எழுதிவைத்திருக்கிறார். மூவரும் பணம் மிச்சம் என்று சொன்னார்கள்.

இந்தக் கரையில் ஒரு வேனோ லொறியோ வெறும் வாகனமல்ல. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள், யாழ்ப்பாணத்தில் வீட்டையும் கடையையும் விட்டு வந்தவர்கள், பிறகு வன்னியிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியவர்கள் எனப் பலர் இங்கே இருக்கிறார்கள். காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்களில், பெயரில் இருக்கும் ஒரே சொத்து அந்த வாகனம்தான். அதற்கும் பாதி லீசிங் நிற்கும். எனவே எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு குறைப்பது நல்லது.

முதலில், தொகை ஏன் கூடியது? முழுக் காப்புறுதியின் கட்டணம் வாகனத்தின் பெறுமதியில் ஒரு வீதமாகக் கணிக்கப்படுகிறது. என் கார் 2019இல் 28 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. போன ஆண்டு 54 இலட்சம். கார் ஆறு வயது கிழடாகியிருக்கிறது, பெறுமதியோ இரட்டித்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. அதுவரை 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனத்துக்குத் தங்கத்தின் விலை வந்தது. உதிரிப்பாகங்களும் அப்படியே. பஞ்சிகாவத்தையில் ஒரு விளக்கு வாங்கப் போனவருக்கு அது தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், வரிகள் உயர்ந்து நிற்பதால் விலை பலர் எதிர்பார்த்தபடி விழவில்லை.

அதற்கு மேல் வரி. 2022 மே மாதத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி அதே ஆண்டு ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியிலிருந்து 18. இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேர்ந்தது. கட்டணம் கூடும்போது வரியும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

ஆனால் எனது 30,000 ரூபா உயர்வுக்கு இவை எதுவும் பெரிய காரணமல்ல. பெறுமதி 54இலிருந்து 56 இலட்சமாகத்தான் மாறியிருந்தது. உண்மையான காரணம் 'நோ கிளெய்ம் போனஸ்'. நட்டஈடு கோராத ஒவ்வொரு ஆண்டுக்கும் கிடைக்கும் கழிவு அது. எனக்கு 50 சதவீதமாக இருந்தது, மாட்டுக்குப் பிறகு 30 சதவீதமாக இறங்கிவிட்டது. 1,12,000 ரூபா அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் 22,400. வரிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 27,000. அடுத்த ஆண்டு கழிவு 40க்கு ஏறினாலும் அப்போதும் பழைய இடத்துக்கு வராது. 38,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, இரண்டு வருடத்தில் 40,000 ரூபாவைத் திருப்பிக் கொடுக்கிறேன். பாலாவியில் ஒரு டிங்கர் பாஸிடம் விட்டிருந்தால் 25,000க்கு முடித்திருப்பார்.

இந்தக் கழிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே சிறிய சேதத்துக்கு அழைக்கும் முன், "இதைக் கோரினால் என் போனஸ் எத்தனைக்கு இறங்கும்?" என்று கேளுங்கள். சம்பவத்தைத் தெரிவிப்பது வேறு, நட்டஈடு கோருவது வேறு. மற்றவருக்குக் காயம் என்றால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், உடனே பொலிஸுக்கும் நிறுவனத்துக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

இனி அந்த மூவரிடம் வருவோம்.

வெங்காயமும் மிளகாயும் தம்புள்ளைக்கு ஏற்றும் லொறிக்கார நானா தேர்ட் பார்ட்டிக்கு மாறியவர். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது, உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு நேரும் மரணம், காயம் ஆகியவற்றுக்கான காப்புறுதியைத்தான். காப்புறுதி விடயத்தில், பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அதுவே போதும். வீதியில் பொலிஸ் மறித்தாலும் பிரச்சினையில்லை. ஆனால் சொந்த லொறி மதிலில் மோதினாலும், எரிந்தாலும், களவு போனாலும் ஒரு சதமும் வராது. லீசிங் முடியாத வாகனத்துக்கு இந்த வழி இல்லை, லீசிங் கம்பனி முழுக் காப்புறுதி கேட்கும். பழைய, விலை குறைந்த, நாளைக்கே இல்லாமல் போனாலும் குடும்பம் தாங்கும் வாகனத்துக்கு தேர்ட் பார்ட்டி நியாயமான தெரிவு. நானாவின் லொறி அந்த வகையல்ல.

இரண்டாமவர் செய்தது இதைவிட ஆபத்து, ஏனென்றால் அவர் தன்னிடம் முழுக் காப்புறுதி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். 80 இலட்சம் பெறுமதியான வேனை 40 இலட்சம் என்று எழுதி கட்டணத்தைக் குறைத்திருக்கிறார். பல பொலிசிகளில் 'அவரேஜ்' என்றொரு நிபந்தனை உண்டு. பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால், திருத்தச் செலவிலும் பாதிதான் கிடைக்கும். 6 இலட்சம் ரூபா திருத்தத்துக்கு 3 இலட்சம் வரும், மிச்சம் உங்கள் கையிலிருந்து. வேன் முழுதாக அழிந்தால் 40 இலட்சத்துக்கு மேல் இல்லை. மறுபக்கமும் இருக்கிறது: சந்தை விலையைவிடக் கூட்டிக் காட்டினாலும் லாபமில்லை. முழு இழப்பில் காப்புறுதிப் பெறுமதி, சந்தைப் பெறுமதி இரண்டில் எது குறைவோ அதையே வழக்கமாகத் தருவார்கள். நிறுவனம் தானாகப் போட்டு அனுப்பும் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதே ரக, அதே வருட வாகனம் இப்போது எவ்வளவுக்கு விற்கிறது என்று மூன்று இடத்தில் விசாரித்து, அந்தத் தொகையைப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாமவர் கற்பிட்டி வேன்காரர். டொல்பின் பார்க்க வருகிறவர்களையும் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களையும் விமான நிலையத்திலிருந்து ஏற்றிவருகிறார். வாடகைப் பாவனைக்குக் கட்டணம் கூட, அதனால் தனிப்பட்ட பாவனை என்று எழுதியிருக்கிறார். விபத்து நடந்தால் விசாரணையாளர் முதலில் கேட்பது "உள்ளே யார் இருந்தது, காசு வாங்கினீர்களா?" என்பதைத்தான். பயணிகள் உண்மையைச் சொல்வார்கள், அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஒரு பதிலோடு கோரிக்கை நிராகரிக்கப்படலாம். வருடம் முழுவதும் கட்டிய பணமும் வீண்.

இதே வகையில் இன்னொன்று, நம் பக்கத்தில் அதிகம்: ஓப்பன் பேப்பர். வாகனத்தை வாங்கி, பதிவை மாற்றாமல், பழைய உரிமையாளரின் கையொப்பமிட்ட கடதாசிகளோடு வருடக்கணக்கில் ஓடுவது. இடம்பெயர்ந்தவர்களிடம் முகவரி, அடையாள அட்டைச் சிக்கல்கள் இருந்த காலத்தில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் பலருக்கு இல்லை, பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரிய இழப்பு வரும் நாளில் காசோலை யார் பெயருக்கு எழுதப்படும் என்பதை யோசித்துப் பாருங்கள். பழைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால் அல்லது இறந்திருந்தால்?

கடிதத்தின் நடுவில் சிறிய தொகைகளோடு இரண்டு வரிகள் இருக்கும். எஸ்.ஆர்.சி.சி., ரி.சி. என்று எழுதியிருக்கும். முதலாவது வேலைநிறுத்தம், கலவரம், குடிசார் குழப்பம். இரண்டாவது பயங்கரவாதம். செலவைக் குறைக்கச் சொன்னால் சில முகவர்கள் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1983 ஜூலையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் வாகனங்களும் எரிக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்கள் இந்த நாட்டின் கலவர ஆபத்தை ஏற்கத் தயங்கின. 1987இல் அரசாங்கமே அதற்கு ஒரு நிதியத்தை உருவாக்கியது. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இப்போது அதை நடத்துகிறது. நம்முடைய எரிந்த கடைகளின் கணக்கு, இன்று எல்லோருடைய கட்டணப் பத்திரத்திலும் ஒரு வரியாக நிற்கிறது.

அது பழங்கதையுமல்ல. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை, இந்த மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு உயிரைக் கொண்டுபோனது. 2022 மே 9 இரவு நாடெங்கும் வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. இத்தகைய நாளில் அந்த வரியை வெட்டியவருக்குக் கோர ஒன்றும் இருக்காது. ஒன்றை மட்டும் மாறாட வேண்டாம். ரி.சி. என்பது போருக்கான காப்புறுதி அல்ல. போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவை வழக்கமாகப் பொலிசியின் விலக்குப் பட்டியலில் இருப்பவை. முள்ளிவாய்க்காலில் எரிந்து குவிந்து கிடந்த மோட்டார் சைக்கிள்களையும் லொறிகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இயற்கை அனர்த்தமும் பல பொலிசிகளில் தனிச் சேர்க்கை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கலா ஓயா பெருக்கெடுத்து, பயணிகளோடு ஒரு பஸ் நடுவெள்ளத்தில் அகப்பட்டதை எல்லோரும் தொலைபேசியில் பார்த்தோம். களப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே வாழ்கிற நாம் அந்த வரியை வெட்டக்கூடாது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அப்போதுதான் அது உடையும், அந்தச் சேதத்துக்கு நிறுவனம் மறுப்புச் சொல்ல இடமும் கிடைக்கும்.

சரி, எங்கேதான் குறைப்பது? போனஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேறு இரண்டு நிறுவனங்களில் விலை கேட்கலாம், அந்தக் கழிவு உங்களோடு வரக்கூடியது. விபத்தில் முதல் இவ்வளவு தொகையை நானே ஏற்கிறேன் என்று 'எக்ஸஸ்' கூட்டினால் கட்டணம் இறங்கும். வேண்டாத மேலதிக சலுகைகளை நீக்கலாம். தவணையாகக் கட்டும் வசதியைக் கேட்கலாம். நட்டஈட்டில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அது சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன. தொலைபேசியில் முதலில் சிங்களத்தில் பேசினால் "தமிழில் பேசுபவரைத் தாருங்கள்" என்று கேளுங்கள். விளங்காத படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர்.

நான் பெறுமதியை 56இலிருந்து 52 இலட்சமாகத் திருத்தினேன், புத்தளத்திலும் சிலாபத்திலும் அதுதான் விலை. எக்ஸஸைக் கொஞ்சம் கூட்டினேன். கலவரம், பயங்கரவாதம், வெள்ளம் மூன்றையும் வைத்துக்கொண்டேன். 97,000 ரூபா 85,700 ஆகியது. பெரிய வெற்றி ஒன்றுமில்லை.

வேன்காரர் வாடகைப் பாவனைக்கு விலை கேட்டிருக்கிறார், இன்னும் மாற்றவில்லை. லொறிக்கார நானா வெங்காயம் விற்ற காசு கைக்கு வந்ததும் முழுக் காப்புறுதி எடுப்பதாகச் சொல்கிறார். அதுவரை இரவு ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறார்.