எழுபது பேரின் நடனம், ஐந்து பேரின் மூச்சு

சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரீன்ஸ்கி அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதற்கு வாசித்தது ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா. வரிசை வரிசையாக வயலின்கள், அடியில் செல்லோவும் டபுள் பாஸும், நான்கு ஹார்ன்கள், ஹார்ப், முரசுகள். அதே நடனங்களை இன்று ஐந்தே பேர் வாசித்துக் கேட்க முடிகிறது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் ஆகியவற்றுக்கு ஆளுக்கொருவர். இந்த ஐவர் அமைப்புக்காக 1810களில் பாரிஸில் அன்டன் ரைக்கா எழுதத் தொடங்கி 24 படைப்புகள் தந்தார். அன்று முதல் அது நிலைத்துவிட்டது. ஆனால் எழுபது பேருக்கு எழுதியதை ஐவருக்கு மாற்றி எழுதுவது, வாத்தியங்களின் இயற்பியலோடும் நம் காதின் பழக்கங்களோடும் நேருக்கு நேர் மோதுகிற வேலை.

வயலின், வியோலா, செல்லோ எல்லாம் ஒரே குடும்பம். வில்லும் தந்தியும்தான் அவற்றுக்கு மூலம். இந்த ஐந்தும் அப்படி அல்ல. குழலில் சீவாளியே கிடையாது. உதட்டிலிருந்து வரும் காற்று துளையின் விளிம்பில் மோதி அலைகிறது. ஓபோவும் பஸூனும் நம் நாகஸ்வரத்தின் இனம்: இரட்டைச் சீவாளி, கூம்பு வடிவத் துளை. கிளாரினெட்டுக்கு ஒற்றைச் சீவாளி, பெரும்பாலும் உருளையான துளை. ஹார்னில் வாசிப்பவரின் உதடுகளே சீவாளி.

துளையின் வடிவம் சின்ன விஷயமல்ல. குழலும் கிளாரினெட்டும் ஏறக்குறைய ஒரே நீளம், அறுபது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குழலின் கீழ்ச் சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். கிளாரினெட்டோ 147 வரை இறங்குகிறது. குழல் இரு முனையும் திறந்த குழாயாக இயங்குகிறது. கிளாரினெட் சீவாளிப் பக்கம் மூடிய குழாய் போல நடந்துகொள்வதால், அதே நீளத்துக்குள் அதைவிட நீண்ட அலை பிறக்கிறது. வியோலாவும் செல்லோவும் விட்டுச்சென்ற நடு இடத்தை நிரப்ப வேண்டியவர் பெரும்பாலும் கிளாரினெட்காரர்தான் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'நட்கிராக்கர்' தொகுப்பில் மூன்று புல்லாங்குழல்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு நடனம் உண்டு. அங்கே மூன்றும் ஒரே நிறம் என்பதால் காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்பதில்லை. ஒற்றைக் கீற்றாக எடுத்துக்கொள்கிறது. ஐவர் குழுவில் குழல் ஒன்றுதான். மேல் வரியைக் குழலுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வரியை ஓபோவிடம் தந்தால் கதை கெட்டது. ஓபோ கீழே போகப் போகக் கனத்து உரக்கும். குழல் கீழே போகப் போக மெலியும். அடியில் இருக்க வேண்டிய வரி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஓபோவை நடுவில் வைத்து, அடியை மெல்ல ஊதத் தெரிந்த கிளாரினெட்டிடம் தருவது நல்ல தீர்வு. மூன்று நிறங்களும் முழுதாய்க் கரைந்துவிடாது, ஆனால் சண்டை போடாது. அந்தச் சிறு பேதம் எனக்கு அழகாகவே படுகிறது. நகலாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லையே.

வயலின் கூட்டத்தின் செழுமை வேறு வகை. பத்துப் பதினைந்து பேர் ஒரே சுரத்தை வாசிக்கும்போது ஒவ்வொருவர் சுருதியும் மயிரிழை விலகியிருக்கும். அந்தச் சிதறலைத்தான் காது பட்டுப் போன்ற ஒலியாக உணர்கிறது. இரண்டே பேர் ஒரே சுரத்தை ஊதினால் அந்த மாயம் நடக்காது. ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 443-லும் இருந்தால், விநாடிக்கு மூன்று முறை ஒலி பொங்கித் தணிவது அப்பட்டமாகக் கேட்கும். ஆகவே இரு வாத்தியங்களை ஒரே சுரத்தில் சேர்ப்பதைவிட ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ப்பதையே தேர்ந்தவர்கள் விரும்புகிறார்கள்.

அடித்தளத்தில் இன்னொரு சிக்கல். டபுள் பாஸ் 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பஸூன் 58-க்குக் கீழே போகாது. அதன் அடிச் சுரங்களில் ஆதார அதிர்வே பலவீனமானது. அந்த ஒலியின் வலிமை மேற்சுரங்களில்தான் இருக்கிறது. இருந்தும் நாம் ஆழமான ஒலியைத்தான் கேட்கிறோம். மேற்சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து, மூளை ஆதாரத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் அனுப்பாது. ஆனாலும் 120 ஹெர்ட்ஸில் பேசும் அப்பாவின் கனத்த குரல் நமக்குக் கனமாகவே கேட்டதே, அதே வித்தைதான்.

இந்தப் பாலேயில் மாற்றி எழுத மிகக் கடினமானது செலெஸ்டா. பாரிஸில் ஒகுஸ்த் முஸ்தெல் 1886-ல் காப்புரிமை பெற்ற வாத்தியம் அது. விசையை அழுத்தினால் சுத்தியல் உலோகத் தகட்டைத் தட்டும். சைகோவ்ஸ்கி அதைக் கேட்டு மயங்கி, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்ளக் கூடாதென்று, ரகசியமாக வரவழைக்கும்படி தன் பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். தட்டிய கணமே உச்சம் தொட்டு உடனே தேயும் ஒலி அது. ஊதும் வாத்தியமோ ஒலியை நிறுத்திப் பிடிக்கவே பிறந்தது. இங்கே கைகொடுப்பது ஓர் ஆய்வுக்கூட உண்மை: பதிவு செய்த சுரத்தின் தொடக்கத் துணுக்கை வெட்டிவிட்டால், எந்த வாத்தியம் என்று சொல்லவே பலர் தடுமாறுகிறார்கள். அடையாளத்தில் பெரும்பங்கு தொடக்கத்தில் இருக்கிறது. எனவே கிளாரினெட் சுரத்தைச் சட்டென்று குத்தி விலக, அதே கணத்தில் தொடங்கும் குழல் அதை மெல்லியதாக நீட்டித் தேய்த்தால், தட்டலும் தேய்வும் கிடைத்துவிடுகின்றன.

வில்லுக்கு மூச்சு வாங்காது, மனிதருக்கு வாங்கும். இதே பாலேயின் 'மலர்களின் வால்ட்ஸ்' நடனத்தில் தந்திகள் இழுக்கும் நீண்ட மெட்டை ஒரே ஆளிடம் கொடுப்பது கொடுமை. குழல்காரருக்குக் காற்று சீக்கிரம் தீரும். ஓபோவின் துளையோ ஊசி போன்றது. காற்று தீராது, ஆனால் நெஞ்சுக்குள் பழையதாகித் தேங்கும். முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே இழுக்க வேண்டும். ஆகவே மெட்டைப் பாதியில் கைமாற்றுகிறார்கள். முதலாமவர் முடிக்கும் சுரத்திலேயே அடுத்தவர் தொடங்கிவிட, தையல் தெரிவதில்லை. நான்கு ஹார்ன்கள் பாடும் இடத்தில் ஹார்னுக்குக் கீழே பஸூனை வைக்கலாம். இரண்டின் நிறமும் அவ்வளவு நெருக்கம். பேத்தோவன் தன் ஐந்தாம் சிம்பொனியில் ஹார்ன்களின் அழைப்பு திரும்பி வரும் இடத்தில் அதைப் பஸூன்களிடமே கொடுத்திருக்கிறார்.

சத்தத்துக்கு என்ன செய்வது? பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் பத்து வயலின்கள் ஒரு வயலினைவிடப் பத்து மடங்கு உரக்கக் கேட்பதில்லை. கூடுவது 10 டெசிபெல், காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. இழப்பு நினைக்கிற அளவு பெரிதல்ல. மீதியைக் கணக்காக ஈடுகட்ட வேண்டும். வால்ட்ஸின் உச்சத்துக்கு முந்தைய பகுதியில் ஹார்னைச் சும்மா இருக்கவிட்டு, கிளாரினெட்டும் பஸூனும் மட்டும் தாளத்தை நடத்தும்படி எழுதலாம். ஹார்ன்காரரின் உதடுகளுக்கு ஓய்வும் கிடைக்கும். பிறகு குழல் உச்ச ஸ்தாயியில், பஸூன் அடிமட்டத்தில், நடுவே மூவரும் ஒரே தாளக்கட்டில் நுழைந்தால், ஐந்து ஸ்தாயிகளும் ஒரேயடியாக நிரம்புகின்றன.